மொட்டையடித்த மைதானம்

மேவிஸ் டிரிகர்ஸுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். அது தாழ்ந்துவிட்டால் அவளிடம் சாப்ட்பால், அதாவது பேஸ்பாலின் தங்கை ஆட்டம், பழகும் பள்ளிப் பெண்கள் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு ஷூ கயிற்றைக் கட்டத் தொடங்குவார்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால் அவிழ்த்தாவது கட்டுவார்கள்.

போன செப்டம்பரில் ஒரு வெளியூர் நடுவர் அவளுடைய மைதானத்தின் நடுவில் நின்று குனிந்து தன் காலுறையிலிருந்து ஒட்டுமுள் பிடுங்கிக்கொண்டிருந்தார். பிடுங்கப் பிடுங்க வந்துகொண்டே இருந்தது. இரண்டு அணிப் பெண்களும் மட்டையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"மேடம், இது மைதானமில்ல, மாட்டுக்கொல்லை," என்றார் அவர். "ஒரு பொண்ணு கால ஒடிச்சுக்கிட்டா என் தலைதான் உருளும். இங்க ஆட்டம் கிடையாது."

அதோடு அந்த வருஷம் சொந்த ஊரில் நடக்கவேண்டிய ஆட்டமெல்லாம் எதிரணிகளின் ஊருக்குப் போய்விட்டது. பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்டுகிறவளும் மேவிஸ்தான். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றி வருவாள், சாயங்காலம் தன் அணிப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக அலைவாள். பஸ் பள்ளி வாசலைத் தாண்டும்போதெல்லாம் வலது பக்கத்தில் பையன்களின் பேஸ்பால் மைதானம் தெரியும். சவரம் செய்த தாடை மாதிரி ஒட்ட வெட்டி, பச்சைப் பசேலென்று கிடக்கும். பேஸ்பால் பருவம் மே மாதத்தோடு முடிந்துவிடும். ஆளில்லாத மைதானத்துக்கு வாரம் மூன்று முறை சவரம். ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு என்று சும்மாவா சொன்னார்கள்.

அப்படிப் போன ஒரு ஊரில்தான் அது நடந்தது. நல்ல மைதானம், மெத்தென்ற புல். நடு வெளிமைதானத்தில் நிற்கிற இமானி மோஸ்லிக்கு முன்னால் ஒரு பந்து இறங்கியது. இமானியைப் போல ஓடுகிறவள் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே கிடையாது. பாய்ந்து விழுந்திருந்தால் கைக்குள் வந்திருக்கும். அவள் ஓடி வந்தாள், கடைசி நொடியில் பிரேக் போட்டதுபோல நின்றாள். பந்து தரையில் விழுந்தது, ஆட்டமும் போனது.

திரும்பி வரும்போது மேவிஸ் கண்ணாடி வழியாகப் பார்த்தே கேட்டாள். "ஏண்டி நின்ன?"

இமானி முழங்கால் உறையை இறக்கிக் காட்டினாள். முழங்காலில் இருந்து கணுக்கால் வரை புள்ளி புள்ளியாகப் பழைய தழும்பு.

"ஒன்பதாவது படிக்கையில நம்ம மைதானத்துல ஒரு தடவை பாஞ்சேன் கோச். அம்மா ராத்திரி பூரா ஊசி வச்சு முள்ளு எடுத்தாங்க. ரெண்டு சீழ் புடிச்சுருச்சு. அதுக்கப்புறம் மனசு பாயச் சொல்லுது, உடம்பு கேக்க மாட்டேங்குது. இங்க முள்ளில்லைன்னு தெரியும். தெரிஞ்சும் நின்னுட்டேன்."

அந்த முள் மைதானம் மேவிஸின் பெண்களுக்கு மூன்று வருஷமாக ஒரு பாடம் நடத்தியிருக்கிறது, விழாதே, பாயாதே, நின்றுவிடு என்று. பயிற்சி கொடுக்கிறேன் என்று கத்திக்கொண்டிருந்தவள் இவள், உண்மையில் பயிற்சி கொடுத்ததோ அந்த முள். இமானிக்குப் பள்ளியில் மிச்சமிருப்பது ஒரே ஒரு பருவம். அதற்குள் அவள் ஒரு தடவையாவது சொந்த மண்ணில் பாய்ந்து விழவேண்டும் என்று மேவிஸ் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முடிவு செய்தாள்.

பிப்ரவரியில் பிரென்ட் கார்லைலிடம் போனாள். கார்லைல் அமெரிக்கக் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளர், பள்ளியின் எல்லா விளையாட்டுக்கும் அதிகாரியும் அவர்தான். அமெரிக்காவின் தெற்கு ஜார்ஜியாவில் அப்படிப்பட்ட ஆளுக்கு முன்னால் பாதிரியாரே எழுந்து நிற்பார். பையன்களின் மைதானத்தை ஒட்ட வெட்டுகிற உருளைக் கத்தி இயந்திரம் இருக்கும் கொட்டகையின் சாவி அவர் இடுப்பு வளையத்தில் தொங்கும். தலைமையாசிரியை லனெல் டிப்பின்ஸும் அப்போது அறையில் இருந்தாள்.

"மேவிஸ் கண்ணு, அந்த மெஷின் கத்தி பேப்பர வெட்டுற கத்தி," என்றார் கார்லைல், நாற்காலியில் சாய்ந்துகொண்டு. "உன் களைக்காட்டுல ஒரு கல்லு பட்டா போச்சு. பொண்ணுங்களுக்கு எதுக்கு அவ்வளவு மழமழப்பு? என்ன, கல்யாணமா நடத்தப் போற?"

"அந்த மெஷின வாங்க என் பொண்ணுங்களும் வெயில்ல நின்னு அவிச்ச கடலை வித்தாங்க, கோச்."

"வித்தாங்க. நல்ல பிள்ளைங்க. நான் இல்லேங்கல." அவர் லனெலைப் பார்த்துச் சிரித்தார். "இங்க பாரு, உன் புல்லு உன் பாடு. வெட்டு, நடு, உரம் போடு, என்ன வேணா பண்ணு. நான் குறுக்க வரமாட்டேன். லனெல் சாட்சி. ஆனா என் மெஷினக் கேக்காத."

லனெல் தலையை ஆட்டினாள். அவளுக்கு ஆட்டத் தெரிந்ததெல்லாம் தலைதான்.

மேவிஸ் வெளியே வந்து பஸ்ஸின் டயரை ஒரு உதை உதைத்தாள். டயருக்கு ஒன்றும் ஆகவில்லை, அவள் கட்டைவிரல் வீங்கியது.

அந்த ஊரில் பெர்முடா புல் என்கிறார்களே, அது நம்முடைய அருகம்புல்தான். களைக்கு அடியில் அது சாகாமல் கிடந்தது. அருகுபோல் வேரோடி என்று மணமக்களை வாழ்த்துகிறோமே, சும்மாவா வாழ்த்துகிறோம்? அதற்கு வேண்டியது வெயிலும் கத்தியும்தான். உயரமாக விட்டால் கோரையும் முள்ளும் நிழல் கட்டி அதை அமுக்கிவிடும். தரையோடு தரையாக வெட்டினால் மற்றதெல்லாம் மூச்சு முட்டிப் போகும், அருகு மட்டும் பக்கவாட்டில் படர்ந்து பாயாகப் பின்னிக்கொள்ளும். அதனால்தான் ஒட்ட வெட்டுகிற கத்திக்கு அவள் அப்படித் தவித்தாள்.

முள் முளைப்பதற்கு முன்பே மருந்து தெளித்தாள். பெக்கன் மரம் துளிர்த்தால்தான் பனி போனதென்று அந்தப் பக்கத்துக் கணக்கு. துளிர்க்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்து, துளிர்த்த வாரமே மைதானத்தை மொட்டையடித்தாள். பழுப்புச் சருகு மலைமலையாகக் குவிந்தது, அடியில் வெறும் மண்ணும் நரம்பு நரம்பான தண்டும் தெரிந்தன. வழியே போனவர்கள் காரை நிறுத்தி, என்ன மேவிஸ், தீ வச்சுட்டியா என்று கேட்டார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கோரையைக் கிழங்கோடு பிடுங்கினார்கள். குழிகளில் ஆற்று மணல் கொட்டிச் சமன் செய்தார்கள். அடுத்த மாவட்டத்துக் கோல்ஃப் மைதானத்தில் தள்ளுபடியாகிக் கிடந்த ஓர் உருளைக் கத்தி இயந்திரத்தை மேவிஸின் கணவன் டெல்மர் பனிக்காலத்திலேயே தன் கோழி லாரியில் ஏற்றி வந்து, கழற்றி, துரு சுரண்டி, கத்திக்குச் சாணை பிடித்து வைத்திருந்தான். அவன் அதிகம் பேசாத ஆள். கோழி வளர்க்கிறவர்கள் பேச வாயைத் திறந்தால் உள்ளே இறகு போகும்.

ஜூலைக் கடைசியில் ஒருநாள் வெட்டி முடித்துவிட்டு மேவிஸ் ஷூவைக் கழற்றினாள். வெறுங்காலோடு வெளிமைதானத்தின் ஒரு மூலையில் இருந்து மறுமூலைக்கு நடந்தாள். ஒரு முள் குத்தவில்லை. அவளுக்கு அழுகை வந்தது. யாருமில்லை என்பதால் அழுதாள், பிறகு ஷூவை மாட்டிக்கொண்டு தண்ணீர்க் குழாயைத் திருப்பப் போனாள்.

ஆகஸ்டில் பள்ளி திறந்த வாரம் பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்து பார்த்தால், அவள் புல்லின் நடுவில் இரும்புச் சட்டங்கள் நிற்கின்றன. கால்பந்துப் பையன்கள் முட்டிப் பழகும் கனமான சட்டங்கள். ஆணி வைத்த ஷூக்களோடு பையன்கள் ஒருவரையொருவர் மோதித் தள்ளுகிறார்கள். மோதுகிற ஒவ்வொரு இடத்திலும் புல் பெயர்ந்து மண் தெரிகிறது. கார்லைல் விசிலைச் சுழற்றிக்கொண்டு நிற்கிறார்.

"மேவிஸ்! அருமையாப் பண்ணிட்ட போ," என்றார். "எங்க பழகுற மைதானம் தேஞ்சு கட்டாந்தரையாப் போச்சு. புதுசா புல்லு பதிக்கச் சொல்லியிருக்கேன். அது புடிக்கிற வரைக்கும் இங்கதான்."

"அது எப்பப் புடிக்கும்?"

"அக்டோபர், நவம்பர்."

"எங்க முத ஹோம் கேம் செப்டம்பர்ல, லேபர் டே லீவு முடிஞ்ச வாரம்."

"அதுக்கென்ன, வெளியூர்ல ஆடிக்கங்க. போன வருஷம் ஆடலியா? பழக்கமான பஸ்ஸு, பழக்கமான டிரைவர்." அவர் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார்.

மேவிஸின் குரல் தாழ்ந்தது. "நாங்க களை புடுங்கினோம், கோச்."

"ஸ்கூல் மண்ணு, கண்ணு. எல்லாருக்கும் சொந்தம்."

களையாக இருந்தவரை அது பெண்களின் மைதானம். பச்சையானதும் எல்லாருக்கும் சொந்தம். நோகாமல் நுங்கு தின்பது என்றால் என்னவென்று யாராவது கேட்டால் அந்த மனிதனைக் கொண்டுபோய்க் காட்டலாம்.

லனெலிடம் போனாள். லனெல் மேசைமேல் இருந்த மிட்டாய்க் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினாள். "கொஞ்சம் பெருந்தன்மையா இரேன் மேவிஸ். வெள்ளிக்கிழமை கால்பந்துக்கு ஊரே வருது. உங்க ஆட்டத்துக்கு வர்றது அப்பா அம்மாதான்."

"அப்பா அம்மா மனுசங்க இல்லியா?"

லனெல் தலையை ஆட்டினாள். ஆமென்றா இல்லையென்றா, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் மேவிஸ் சோளரொட்டியைத் தின்னாமல் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போட்டாள். கோழிகளை லாரி ஏற்றி அனுப்பி, கொட்டகையைச் சுத்தம் செய்துவிட்டு வந்திருந்தான் டெல்மர். இரண்டு தடவை சோப்புப் போட்டும் நாற்றம் அவனோடு உட்கார்ந்திருந்தது.

"திங்கவாவது செய்," என்றான்.

"எப்படி எறங்கும்? மூணு வருசம் அந்தப் புள்ளைங்க கால்ல முள்ளு. எவனாவது திரும்பிப் பாத்தானா? நாங்க முதுகு ஒடிஞ்சு பச்சையாக்கினா, வந்து ஆணி ஷூவோட ஏறுறான். நான் சும்மா விடுறதா?"

"விடாத."

"விடாம என்ன செய்ய? அவன் இடுப்புல எல்லாச் சாவியும் தொங்குது."

டெல்மர் அவரையை மென்றுகொண்டே ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினான். வெளியே கொட்டகைக்குப் பின்னால் போன பருவத்து எரு குவியலாகக் கிடந்தது. ஆற வைத்த எருதான், ஆனாலும் காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் விருந்தாளி வீட்டுக்குள் ஓடுவான். மேவிஸும் பார்த்தாள். கையில் பிய்த்த ரொட்டி அப்படியே நின்றது.

"அத யாருக்குக் குடுக்கிற?" என்று கேட்டாள்.

"யாரு கேட்டாலும்."

"நான் கேட்டா?"

"அவன் வாயாலேயே சொன்னான்ல, உன் புல்லு உன் பாடுன்னு. உரம் போடுன்னும் சொன்னான்னியே." டெல்மர் வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். அவன் சிரித்து அவள் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

சனிக்கிழமை கால்பந்து அணி ஒரு பயிற்சி ஆட்டத்துக்கு வெளியூர் போயிருந்தது. மேவிஸ் கத்தியை அடிமட்டத்துக்கு இறக்கினாள். தான் தடவித் தடவி வளர்த்த பச்சையைத் தன் கையாலேயே, கிழிந்த இடம் கிழியாத இடம் என்று பாராமல், மறுபடி மொட்டையடித்தாள். வெட்டினால்தான் அருகு படர்ந்து கிழிசலை மூடும் என்று ஒவ்வொரு வரிசைக்கும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அடித்துவிட்டுக் கிழிந்த இடங்களில் மணல் தூவினாள். பின்னாலேயே டெல்மரின் டிராக்டர் எருவைச் சிதறிக்கொண்டு வந்தது. சாயங்காலம் தண்ணீரைத் திருப்பிவிட்டு இருவரும் வீட்டுக்குப் போனார்கள். வழியில் கடையில் யாரும் அவர்கள் பக்கத்தில் நிற்கவில்லை.

திங்கட்கிழமை வெயில் ஏறியதும் மைதானம் வேலையைக் காட்டியது. கார்லைல் விசிலை வாயில் வைத்து மூச்சை இழுத்தார், இழுத்த மூச்சை விடத் தெரியாமல் நின்றார். ஓடின பையன்களில் ஒருவன் தலைக்கவசத்தைக் கழற்றுவதற்குள் வாந்தியெடுத்தான். அவனைப் பார்த்து இன்னொருவன் எடுத்தான். எப்போதும் நிழலில் நாற்காலி போட்டு உட்காரும் அம்மாக்கள் நாற்காலியை மடக்கிக்கொண்டு காருக்கு ஓடினார்கள். அதில் ஒருத்தி ஓடியபடியே லனெலுக்கு போன் போட்டாள்.

லனெல் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு வந்தாள். பெண்கள் அணியும் வந்து வேலியோரம் நின்றது.

"என்ன பண்ணி வச்சிருக்க?" கார்லைல் கத்தினார். "புல்லையே கொன்னுட்டியே! நல்ல புல்லுடி அது. பைத்தியமா உனக்கு?"

"உரம் போட்டேன், கோச்."

"அள்ளு. இப்பவே அள்ளு."

"தண்ணி விட்டாச்சு. மண்ணுல எறங்கினத எப்படி அள்ளுறது? நீங்க வேணா முயற்சி பண்ணிப் பாருங்க, மண்வெட்டி தரேன்."

"லனெல், இவளப் பாத்தியா?"

"மிஸ் லனெல்," என்றாள் மேவிஸ், காதைத் தீட்டினால்தான் கேட்கும் குரலில், "பிப்ரவரியில உங்க முன்னாடி இவர் என்ன சொன்னாரு? வெட்டு, நடு, உரம் போடு, நான் குறுக்க வரமாட்டேன்னாரா இல்லியா? நீங்கதானே சாட்சி?"

லனெல் கார்லைலைப் பார்த்தாள், மேவிஸைப் பார்த்தாள், வாந்தியெடுத்த பையனையும் பார்த்தாள். வழக்கம்போலத் தலையை ஆட்டப் போனவள் பாதியில் நிறுத்திவிட்டு, "சொன்னாரு," என்றாள் கைக்குட்டைக்குள்ளிருந்து.

அன்றைக்கே இரும்புச் சட்டங்கள் லாரியேறிச் சந்தைத் திடலுக்குப் போயின. ஊர் சும்மா இருக்குமா? மேவிஸுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது, எனக்கு இல்லாதது எவனுக்கும் வேண்டாமென்று நல்ல மைதானத்தைக் கொன்றுவிட்டாள் என்று காப்பிக் கடையில் பேசினார்கள். கால்பந்தில் ஒரு வெள்ளைக்கோடு அரை அங்குலம் நகர்ந்தால் கண்டுபிடிக்கிற ஊர் அது. பழுப்பு என்றால் பிணம், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிந்த புல் விஷயம்.

இமானிக்கும் சந்தேகம் வந்துவிட்டது. பயிற்சி முடிந்து மற்றவர்கள் போனபின் வேலியருகே வந்து நின்றாள். "செத்துருச்சா கோச்?"

மேவிஸ் குனிந்து எருவை ஒதுக்கி, ஒரு தண்டை நகத்தால் கீறிக் காட்டினாள். உள்ளே ஈரம், வெள்ளை. கணுவில் ஊசிமுனை அளவுக்குப் பச்சை. "இதக் கொல்லணும்னா கார்லைலோட தாத்தா வரணும்," என்றாள்.

சொன்னாளே ஒழிய அவளுக்கும் தூக்கமில்லை. எரு அதிகமாகிக் கருகிவிட்டால் என்ன செய்வது? மழை ஏமாற்றிவிட்டால்? பெண்களின் கடைசி வாய்ப்பைத் தன் கோபத்துக்குத் தீனியாகப் போட்டுவிட்டோமா என்று பஸ் ஓட்டும்போதெல்லாம் தன்னையே கேட்டுக்கொண்டாள். ஆனால் மழை வந்தது. கடலோரத்திலிருந்து வந்த இடிமழை, விட்டு விட்டு அடித்து எருவை மண்ணுக்குள் இறக்கியது. பின்னாலேயே சுட்டெரிக்கும் வெயில். முதலில் புகைபோல ஒரு பச்சை, பிறகு கண்ணெதிரே கூடிக்கொண்டே போன பச்சை. முன்பு கிழிந்த இடம் எது என்று அவளுக்கே தெரியவில்லை. வெட்டினாள், மறுநாள் விட்டு மறுபடி வெட்டினாள்.

செப்டம்பரில் லேபர் டே விடுமுறை முடிந்த வாரம் முதல் ஹோம் ஆட்டம். போன வருஷத்து அதே நடுவர் வந்தார். வெளிமைதானம் முழுக்க நடந்துவிட்டு வந்து காலுறையைத் தடவிப் பார்த்தார். "கொஞ்சம் நாறுது மேடம்," என்றார்.

"ஆமா, நாறும்."

"முள்ளுக்கு நாத்தம் தேவலை." அவர் உள்ளே போய் ஆட்டத்தைத் தொடங்கினார். எதிரணிப் பெண்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டே ஆடினார்கள். பிணத்தைப் பார்க்க வந்த ஊரும் கொஞ்சம் வந்திருந்தது. கார்லைல் வேலிக்கு வெளியே கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார், இடுப்பில் சாவி வளையத்தோடு.

ஆட்டத்தின் நடுவில் இமானிக்கு முன்னால் ஒரு பந்து இறங்கியது. ஓடி வந்தாள், நின்றுவிட்டாள். பந்து விழுந்தது. மேவிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். உடம்பில் ஏறிய பாடம் அவ்வளவு சீக்கிரம் இறங்காது என்று அவளுக்குத் தெரியும்.

கடைசிச் சுற்றில் இன்னொன்று வந்தது. தாழ்வான அடி, வேகமாக இறங்குகிற பந்து. இமானி ஓடினாள், இந்தத் தடவை நிற்கவில்லை. உடம்பை நீட்டி எறிந்தாள். நெஞ்சும் முழங்காலும் புல்லில் உரச வழுக்கிக்கொண்டே போனாள். கையுறை மேலே வந்தபோது அதற்குள் பந்து இருந்தது.

எல்லோரும் எழுந்து கூச்சலிட்டார்கள். இமானி எழுந்து பந்தை எறிந்துவிட்டு, முதல் காரியமாகக் குனிந்து முழங்கால் உறையை இறக்கிக் காலைத் தடவிப் பார்த்தாள். பழக்கம். முள் பிடுங்க நகத்தைக் கூட்டிக்கொண்டு தடவினாள். பிடுங்க எதுவுமில்லை. மறு காலையும் பார்த்தாள். அங்கேயும் எதுவுமில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் மேவிஸைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

மேவிஸுக்குச் சந்தோஷம் வந்திருக்கவேண்டும். கோபம்தான் வந்தது. இவ்வளவுதானே? ஒரு கத்தி, கொஞ்சம் மணல், ஒரு வண்டி எரு. இதற்காகவா ஒரு பிள்ளை மூன்று வருஷம் பயந்து நின்றாள்? அவள் எழுந்து வேலியருகே நேராகக் கார்லைலிடம் போனாள்.

"நல்ல கேட்ச்," என்றார் கார்லைல். "பாத்தியா மேவிஸ், கடைசியில எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சு."

"ஒண்ணும் முடியல. கொட்டகைச் சாவியக் குடு."

அவர் சிரிக்கப் பார்த்தார். அவர் பக்கத்தில் நின்ற இமானியின் அம்மா சிரிக்கவில்லை. அவளுக்குப் பின்னால் இருந்த அம்மாக்களும் சிரிக்கவில்லை. கார்லைலின் கால்பந்துப் பையன்கள் சிலரும் வேலியோரம் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேவிஸ் கையை நீட்டினபடியே நின்றாள். கழுவிக் கழுவியும் எரு நாற்றம் போகாத கை.

கார்லைல் முகத்தைத் திருப்பிக்கொண்டு வளையத்திலிருந்து சாவியைக் கழற்றி அந்தக் கையில் வைத்தார். மேவிஸ் நன்றி சொல்லவில்லை. சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, இன்னும் ஒருத்தியை அவுட்டாக்க வேண்டியிருந்ததால், தன் இடத்துக்குத் திரும்பிப் போனாள்.